பழைய வீட்டைத் திருத்த எவ்வளவு முடியும்? வன்னி வீடுகளுக்கான மதிப்பீட்டு வழிகாட்டி

வீட்டைத் திருத்தப் போகிறோம் என்று சொன்னதும் முதலில் காதில் விழுவது "சதுர அடிக்கு எவ்வளவு?" என்ற கேள்விதான். வெறுங்காணியில் புது வீடு கட்டுபவருக்கு அந்தக் கணக்கு ஓரளவு உதவும். நிற்கிற வீட்டுக்கு உதவாது. ஒரே அளவான இரண்டு வீடுகளில் ஒன்றின் கைமரம் (கூரையைத் தாங்கும் சரிவு மரம்) கறையான் தின்றிருக்கும், மற்றதன் கைமரம் இரும்பு மாதிரி இருக்கும். ஒன்றின் அத்திவாரம் செம்மண் தரையில் நிற்கும், மற்றது களியில் நிற்கும். பணம் அந்த வித்தியாசத்துக்குள்தான் கிடக்கிறது. ஆகவே கட்டாயம் பிடிக்கவேண்டிய வரிசை இது: முதலில் திறந்து பார்ப்பது, பிறகு அளப்பது, பிறகு பொருளாக்குவது, அதன் பிறகே விலை போடுவது. இந்த வரிசை மாறினால் எவ்வளவு கவனமாகக் கூட்டினாலும் தொகை பிழைக்கும்.

இங்கே ரூபாக் கணக்கு இல்லை. 2022இல் சீமெந்து விலை ஒரே ஆண்டுக்குள் இரு மடங்குக்கு மேல் ஏறியதைக் கண்டவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. விலை மாறும், ஒரு கியூப் (100 கன அடி) கொங்கிறீட்டுக்கு எத்தனை மூட்டை சீமெந்து என்பது மாறாது. மாறாததைச் சரியாகப் பிடித்துவிட்டால், கடைக்காரர் இன்று சொல்லும் விலையைப் பெருக்கிக்கொள்ளலாம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

100 அடி அளவு நாடா, 16 அடி நாடா, ஒரு சி.ஆர். கொப்பி, நல்ல டோர்ச், சுத்தியல், நீளமான திருப்புளி, தூக்குக் குண்டு, மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய். கைத்தொலைபேசியில் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் நின்று கணக்குப் பார்க்கும்போது "அந்த யன்னல் எந்தப் பக்கம்?" என்ற சந்தேகம் கட்டாயம் வரும்.

காணிப் பத்திரத்தையும் எடுத்து வையுங்கள். வன்னியில் பல வளவுகள் அனுமதிப்பத்திரக் காணிகள், அதாவது அரசு அனுமதியில் கொடுத்த காணிகள். அவற்றை ஈடு வைத்து வங்கிக் கடன் எடுப்பது சொந்த உறுதியுள்ள காணியில் எடுப்பதுபோல இலகுவாக இராது. கடனை நம்பி மதிப்பீடு போடுகிறவர், வங்கியில் கேட்டுவிட்டுத்தான் அளவு நாடாவைத் தொடவேண்டும்.

வீட்டைப் பார்க்க ஒருவரை மட்டும் கூப்பிடாதீர்கள். மேசன் சுவரைப் பார்ப்பார், கூரையைப் பார்க்கமாட்டார். தச்சர் கூரையைப் பார்ப்பார், வயரிங் அவருக்குத் தெரியாது. மேசன், தச்சர், எலக்ரீசியன் மூவரையும் தனித்தனியாக வரவழைத்து, ஆளுக்கு அரை நாள் கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா வந்து பார்ப்பவர் வேலை பிடிக்கவே வருவார். கூலி வாங்கிப் பார்ப்பவர் உள்ளதைச் சொல்ல வாய்ப்பு அதிகம்.

2. வேலையை மூன்றாகப் பிரியுங்கள்

கொப்பியில் மூன்று பக்கம். முதற்பக்கத்தில் செய்யாவிட்டால் வீடு பழுதாகும் வேலைகள்: கூரை ஒழுக்கு, வெடித்த சுவர், துருப்பிடித்த பீம், ஆபத்தான வயரிங், நிரம்பிய மலக்குழி. இரண்டாம் பக்கத்தில் குடும்பத்துக்குத் தேவையானவை: இன்னொரு அறை, வீட்டோடு சேர்ந்த குளியலறை, பெரிய குசினி. மூன்றாம் பக்கத்தில் ஆசைகள்: ரைல், சீலிங், முகப்புத் தூண்.

அளக்குமுன்பே இதைப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. பணம் குறையும்போது எதை விடுவது என்று வேலை நடக்கும் நாளில் யோசித்தால், கண்ணுக்குத் தெரியாத வேலைதான் வெட்டுப்படும். பழைய வயரை அப்படியே விட்டுவிட்டுப் புது ரைல் பதித்த வீடுகள் நிறைய உண்டு. இரண்டு வருடத்தில் அந்தச் சுவரையே திரும்ப வெட்டவேண்டி வரும்.

3. திறந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதையே வாசியுங்கள். மதிப்பீட்டில் வரும் பெரிய பிழைகள் எல்லாம் பார்க்காமல் விட்ட இடத்திலிருந்துதான் வருகின்றன.

கூரை. கீழே நின்று மேலே பார்ப்பது பார்வை அல்ல. இரண்டு வரிசை ஓடுகளை அல்லது ஒரு சீற்றை எடுத்துவிட்டு ஏறிப் பாருங்கள். கைமரம் சுவரில் உட்காரும் நுனி, இரண்டு கூரை சந்திக்கும் உள்மூலை, பீலிக்குப் பக்கம்: இந்த மூன்று இடமும் முதலில் பழுதாகும். திருப்புளியை மரத்தில் அழுத்துங்கள். நல்ல பாலை, முதிரை என்றால் நுனிகூட இறங்காது. கால் அங்குலம் இறங்கினால் அந்த மரம் கணக்கில் இல்லை. கறையான் வெளித்தோலை விட்டுவிட்டு உள்ளே தின்னும். பூச்சு மினுங்கும், தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் கேட்கும். சுவர் ஓரத்தில் மண் கோடு ஏறியிருந்தால், அது எந்தக் கதவு நிலையில் அல்லது கூரை வளையில் போய் முடிகிறது என்று பின்தொடருங்கள். ஒரு கைமரத்தில் கண்டால் இரு பக்கத்துக் கைமரங்களையும் மாற்றுவதாகவே எழுதுங்கள்.

பழைய மரத்தைக் கழற்றித் திரும்பப் பாவிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். போர் நடந்த இடத்து மரங்களுக்குள்ளும் வளவில் நிற்கும் மரங்களுக்குள்ளும் ஷெல் துண்டோ சன்னமோ இருக்கலாம். அறுக்கும் வாள் உடைந்தால் மரக்காலைக்காரர் அந்தச் செலவைக் கேட்பார். சில இடங்களில் அறுக்கவே மாட்டார்கள். அறுப்புக்கு எடுக்குமுன் கேட்டு வையுங்கள்.

சுவர். யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஏறும் வெடிப்பு, அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதைச் சொல்லும். பூச்சில் மயிரிழைபோலப் பரவிக் கிடக்கும் வெடிப்புப் பெரிதல்ல, பூச்சுக் காய்ந்த விதம்தான். எது எது என்று தெரியாவிட்டால் வெடிப்புக்குக் குறுக்கே சீமெந்துக் கூழை மெல்லிசாகப் பூசித் திகதியை எழுதிவிடுங்கள். ஒரு மழையும் ஒரு வெயிலும் கடந்தபின் அது பிளந்திருந்தால் சுவர் இன்னும் அசைகிறது. அசைகிற சுவரை அடைத்துப் பூசுவது வீண் செலவு. அத்திவார வேலையை மதிப்பீட்டில் சேர்க்கவேண்டும்.

அத்திவாரம். வெடிப்புள்ள மூலையில் சுவரோடு ஒட்டி 2 அடிக்கு 2 அடி குழி வெட்டி அடிமட்டம் வரை போங்கள். கல் சீமெந்தில் கட்டப்பட்டதா மண்ணிலா, அகலம் எத்தனை, அடியில் என்ன மண் என்று எழுதுங்கள். மன்னார் முருங்கன் பக்கத்துக் கரிய களி மாரியில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். குளத்துக்குக் கீழான வயல் ஓர மண்ணிலும் இதே தொல்லை உண்டு. அப்படியான தரையில் புது அறையைச் சேர்த்தால் பழைய சுவரும் புதுச் சுவரும் சேருமிடம் பிளக்காமல் இராது. அந்த இடத்தில் இடைவெளி விட்டுக் கட்டுவதா, ஆழம் கூட்டுவதா என்பதைப் பொறியியலாளர் அல்லது தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரிடம் கேளுங்கள். அந்தக் கட்டணமும் மதிப்பீட்டில் ஒரு வரி.

குழி வெட்டும்போது மண்ணில் இரும்புப் பொருள் ஏதும் தட்டுப்பட்டால் கை வைக்கவோ கிண்டவோ வேண்டாம். அந்த இடத்தில் ஒரு அடையாளம் வைத்துவிட்டு ஆட்களை விலக்கி, பொலிசுக்கு 119இல் சொல்லுங்கள். வேலை நாளில் இது நடந்தால் ஆட்கள் சும்மா இருக்கும் கூலியும் சேரும். சோதனைக் குழியை முன்கூட்டியே வெட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பீம், லிண்டல் (கதவு யன்னலுக்கு மேலே ஓடும் கொங்கிறீட்). சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்ற சத்தம் திடீரென்று வெற்றுச் சத்தமாக மாறும் இடத்தில் கொங்கிறீட் கம்பியை விட்டு விலகிவிட்டது. அங்கே கொஞ்சம் உடைத்துக் கம்பியைத் துடைத்து விட்டத்தை அளந்து பாருங்கள். 12 மில்லிமீற்றர் கம்பி 9 ஆகத் தேய்ந்திருந்தால் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது, பூசி மறைக்கக்கூடாது. கூரையில்லாமல் பல மாரி நனைந்த சுவர்களில் இது அதிகம். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புத் தண்ணீரில் குழைத்த கொங்கிறீட்டிலும் அதிகம்.

வயரிங், குழாய். மெயின் சுவிச்சைத் திறந்து பார்ப்பது எலக்ரீசியன் வேலை. அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: புவிக்கம்பி இருக்கிறதா, மின்கசிவு வந்தால் தானே நிற்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருக்கிறதா, பழைய வயரின் தோல் வளைத்தால் உடைகிறதா. ஒன்றுக்காவது பதில் பிழையென்றால் முழு வீட்டுக்கும் புது வயரிங் என்றே எழுதுங்கள். பாதி பழையது பாதி புதியது என்று செய்வது மலிவாகத் தோன்றும். பழுது வந்தால் எந்தப் பாதி என்று தேடவே காசு முடியும்.

4. அளவெடுத்தல்

ஒவ்வொரு அறைக்கும் கொப்பியில் ஒரு பக்கம். நீளம், அகலம், உயரம், கதவு யன்னல்களின் அளவு. வெளிச்சுவரை வெளியில் நின்றும் அளக்கவேண்டும். உள்ளளவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் சுவர்த் தடிப்பும் மூலைகளும் விடுபடும்.

அதிகமானோர் பிழைவிடும் இடம் கூரை. வீட்டுத் தரையின் பரப்பையே கூரையின் பரப்பு என்று எடுத்துவிடுகிறார்கள். போருக்குப் பிந்திய வீட்டுத்திட்ட வீடு ஒன்றைப் பாருங்கள்: 25க்கு 22 அடி, 550 சதுர அடி. நான்கு பக்கமும் 2 அடி தாழ்வாரம் விட்டால் 29க்கு 26, அதாவது 754. கூரைச் சரிவு 30 பாகை என்றால் அதை 1.15ஆல் பெருக்கவேண்டும்: 867 சதுர அடி. தரையைவிட 317 சதுர அடி கூட. ஓடு, கைமரம், ரீப்பை (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), தச்சுக்கூலி, பூச்சு எல்லாமே இந்த 867க்குத்தான். இருபக்கக் கூரையோ நான்குபக்கக் கூரையோ, சரிவு ஒன்றாயிருந்தால் பரப்பும் ஒன்றுதான். நான்குபக்கக் கூரையில் வெட்டுக் கழிவும் முகட்டோடும் கூடும்.

சீற்றைக் கழற்றிவிட்டு ஓடு போட நினைத்தால் இன்னொன்று. ஓடு சீற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் பாரம். சீற்றுக்குப் போட்ட மெல்லிய மரத்தில் ஓடு ஏற்ற முடியாது. ஓட்டின் விலையை மட்டும் பார்த்துவிட்டு மரத்தை மறந்த மதிப்பீடுகள் இங்கேதான் உடைகின்றன. கல்நார் சீற்றைக் கழற்றும்போது உடைக்கவோ வாளால் அறுக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். நனைத்து, ஆணியைக் கழற்றி முழுதாக இறக்கவேண்டும். அதற்கு நேரம் கூடப் பிடிக்கும், ஆகவே கூலியும் கூட.

ஓட்டு எண்ணிக்கையை ஊகிக்காதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் ஓடு போட்ட கூரை ஒன்றில் 10 அடிக்கு 10 அடி அளந்து எண்ணிப் பாருங்கள். உடைவுக்கு 5 வீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரைலில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. "2க்கு 2" என்று விற்கப்படும் ரைல் உண்மையில் 60 சென்ரிமீற்றர், 2 அடிக்குச் சற்றுக் குறைவு. நான்கு ரைல் கொண்ட பெட்டி 16 சதுர அடி அல்ல, 15.5. 500 சதுர அடித் தரைக்கு ஒரு பெட்டிக்கு மேல் வித்தியாசம் வரும். வெட்டுக்கழிவு 7 முதல் 10 வீதம். கடைசிப் பெட்டிக்காகப் பிறகு கடைக்குப் போனால் அதே நிறத் தொகுதி கிடைக்காது.

5. அளவைப் பொருளாக்குதல்

மணல், சல்லி, கருங்கல் எல்லாம் கியூபில் வரும். ஒரு கியூப் 100 கன அடி. பூச்சும் கல்லுக்கட்டும் சதுரத்தில் பேசப்படும். ஒரு சதுரம் 100 சதுர அடி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கையில் வைத்திருக்க வேண்டிய எண்கள்:

- 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கொங்கிறீட் ஒரு கியூபுக்கு 50 கிலோ சீமெந்து 17 முதல் 18 மூட்டை, மணல் 0.45 கியூப், முக்கால் அங்குலச் சல்லி 0.9 கியூப்.
- 16க்கு 8 அங்குலச் சீமெந்துக் கல், அரை அங்குலச் சாந்து இணைப்போடு, ஒரு சதுரத்துக்கு 103. உடைவோடு 108. 6 அங்குலச் சுவரில் 1:5 (சீமெந்து, மணல்) சாந்துக்கு முக்கால் முதல் ஒரு மூட்டை.
- ஐந்தெட்டு (5/8) அங்குலப் பூச்சு, 1:5 கலவை, ஒரு சதுரத்துக்கு ஏறத்தாழ ஒரு மூட்டை, மணல் 6 கன அடி.
- 10 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 0.617 கிலோ, 12 மில்லிமீற்றர் 0.888 கிலோ. 6 மீற்றர்க் கம்பி முறையே 3.7, 5.3 கிலோ. நிறுத்துப் பார்த்தால் மெலிந்த கம்பி தெரிந்துவிடும்.
- மரம் கன அடியில் விலை பேசப்படும். 4க்கு 2 கைமரம் 18 அடி ஓடினால் ஒரு கன அடி. 2க்கு 1 ரீப்பை 72 அடி ஓடினால் ஒரு கன அடி.

மேலே பார்த்த 867 சதுர அடிக் கூரையில் கைமரம் 2 அடிக்கு ஒன்று என்றால் ஓரங்களோடு சேர்த்து 450 அடி, அதாவது 25 கன அடி. ரீப்பை அடிக்கு ஒன்று என்றால் 867 அடி, 12 கன அடி. முகட்டு வளையும் சுவர்த்தட்டும் தனி. இடைவெளியைத் தச்சர் மாற்றினால் கணக்கும் மாறும். ஆகவே அவரிடம் முதலில் கேட்கவேண்டியது இடைவெளி, விலை அல்ல.

புதிதாகச் சேர்க்கும் குசினி ஒன்றை முழுதாகக் கணக்கிடுவோம். உள்ளளவு 12க்கு 10 அடி. 12 அடிப் பக்கம் பழைய சுவர். புதுச்சுவர் மூன்றும் மூலைகளோடு 33 அடி, உயரம் 10 அடி: 330 சதுர அடி. ஒரு கதவு 3க்கு 7, இரண்டு யன்னல் 4க்கு 4, மொத்தம் 53 கழிய 277. கல் 285, உடைவோடு 300. சாந்துக்கு இரண்டரை மூட்டை. பூச்சு இரு பக்கமும் 554, பழைய சுவரின் முகம் 120, கதவு யன்னல் ஓரங்கள் 30 அளவில்: ஏழு சதுரம், ஏழு மூட்டை.

கருங்கல் அத்திவாரம் ஒன்றரை அடி அகலம், பிளிந்து (வீட்டுத் தரை மட்டம்) வரை 3 அடி உயரம் என்றால் ஒன்றரைக் கியூப். அதற்கு ஒன்பது மூட்டை. அடியில் போடும் 3 அங்குலக் கொங்கிறீட்டுக்கு இரண்டு மூட்டை. பிளிந்து மட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் 6 அங்குலச் சதுரப் பீம்: இரண்டுக்கும் மூன்று மூட்டை, 10 மில்லிமீற்றர்க் கம்பி 15, வளையத்துக்கு 6 மில்லிமீற்றர் 15 கிலோ. தரைக் கொங்கிறீட்டுக்கு நான்கு மூட்டை, ரைல் படுக்கைக்கு இரண்டு. கூட்டினால் 29 அல்லது 30 மூட்டை. சிந்துவதும் இறுகுவதுமாக 32 எழுதுங்கள். மணல் ஒன்றரைக் கியூபுக்குச் சற்று மேல். இரண்டு கியூப் இறக்கவேண்டும். சல்லி 0.6 கியூப். தரையை ஒன்றரை அடி உயர்த்தக் கிரவல் 1.8 கியூப் போதும்போல இருக்கும். இறுக்கினால் அமிழும், ஆகவே இரண்டேகால் கியூப்.

இதில் எங்கும் கூரை, கதவு, மின், குழாய் இல்லை. ஒரு சின்னக் குசினியின் கல்லும் சாந்தும் மட்டுமே இவ்வளவு. "இருபது மூட்டை காணும்" என்று வாய்க்கணக்கில் சொல்லப்படும் வேலை பாதியில் நிற்பதற்குக் காரணம் இதுதான். பெரும்பாலும் விடுபடுவது நிலத்துக்குக் கீழே போகும் பங்கு.

6. விலை கேட்டல்

பொருட்பட்டியலைச் சுத்தமாக எழுதி, மூன்று கடைக்கு ஒரே பட்டியலைக் கொடுங்கள். ஒருவர் ஒரு தரத்துக் கதவுக்கும் மற்றவர் இன்னொரு தரத்துக்கும் விலை சொன்னால் ஒப்பிட்டுப் பயனில்லை. கேட்கவேண்டியது கடை விலை அல்ல, வளவில் இறக்கிய விலை. வவுனியாவில் மலிவாகக் கிடைப்பது துணுக்காய்க்கோ புதுக்குடியிருப்புக்கோ வந்து சேரும்போது மலிவாக இராது. ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகும் கிரவல் பாதையில் மாரியில் லொறி இறங்காது. அங்கிருந்து உழவு இயந்திரத்தில் மாற்றி ஏற்றவேண்டும். அந்த ஏற்றுக்கூலி, இறக்குகூலி, கல் உடைவு மூன்றையும் தனி வரியாக எழுதுங்கள்.

மணலில் இரண்டு சோதனை. டிப்பரோ உழவு இயந்திரப் பெட்டியோ வந்ததும் இறக்குமுன் நீளம், அகலம், மணல் நிற்கும் சராசரி உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 100ஆல் பிரியுங்கள். பிறகு ஒரு வாளியை ஈர மணலால் மட்டமாக நிரப்பி, வேறிடத்தில் கொட்டி, வாளியில் பாதி தண்ணீர் விட்டு மணலைத் திரும்பப் போட்டுக் கிளறுங்கள். 10 அங்குலம் நின்ற மணல் 8 ஆக இறங்கினால் ஐந்தில் ஒரு பங்கு காற்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள். ஈர மணல் உப்பித் தெரிவது இயல்பு, விற்பவர் ஏமாற்றுகிறார் என்பதில்லை; கணக்கில் 25 வீதம் கூட்டத்தான் வேண்டும்.

மற்றது சேறு. கண்ணாடிப் போத்தலில் 4 அங்குலம் மணல், மேலே தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேல் படியும் சேறு கால் அங்குலத்தைத் தாண்டினால் பூச்சுக்கு எடுக்கவேண்டாம். அந்தப் பூச்சு வெடித்து உதிரும். மணலுக்கும் மரத்துக்கும் கொண்டுவரும் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வழியில் பிடிபட்டால் நிற்பது உங்கள் வேலை.

7. கூலி

மூன்று முறை உண்டு: நாட்கூலி, சதுரக் கூலி, கொந்தராத்து (முழு வேலைக்கும் ஒரே தொகை). உடைப்பதும் திறப்பதும் நாட்கூலிக்கு. என்ன வரும் என்று யாருக்கும் தெரியாத வேலையைக் கொந்தராத்துக்கு விட்டால் பிடிப்பவர் பயத்தில் கூட்டிச் சொல்வார், அல்லது குறைத்துச் சொல்லிவிட்டு நடுவில் விட்டுப்போவார். பூச்சு, ரைல், பெயின்ற் சதுரக் கூலிக்கு. புதிதாகச் சேர்க்கும் அறை கொந்தராத்துக்குப் பொருந்தும். வயரிங் பொயின்ற் (ஒரு விளக்கு அல்லது பிளக்) கணக்கில் பேசப்படும். சுவர் வெட்டுவதும் வெட்டிய இடத்தைப் பூசுவதும் அதற்குள் அடங்குமா என்று முதலே எழுதிவிடுங்கள். அடங்கும் என்று எலக்ரீசியன் நினைக்கமாட்டார், மேசனும் நினைக்கமாட்டார்.

பழைய சுவரில் பூசுவது புதுச் சுவரில் பூசுவதைவிட மெதுவாகத்தான் போகும்: பழைய பூச்சைக் கொத்தி எடுக்கவேண்டும், கழுவவேண்டும், மட்டம் பிழைத்த இடத்தில் இரண்டு தரம் ஏற்றவேண்டும். கொத்தும் கூலியைத் தனியாகவும், பூச்சுத் தடிப்பை ஐந்தெட்டுக்குப் பதில் ஒரு அங்குலமாகவும் எடுத்தால் கணக்கு நிசத்துக்குக் கிட்ட வரும்.

பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் ஆட்களும் உழவு இயந்திரங்களும் வயலில் இருப்பார்கள். அந்த நாட்களில் கூலியும் ஏறும், ஆளும் தட்டுப்படும். சாப்பாடு, தேநீர், தூரத்திலிருந்து வருபவரின் தங்குமிடம், சாரம் கட்டும் கம்பு, கலவை இயந்திர வாடகை எல்லாம் கூலிப் பக்கத்தில்தான் எழுதப்படவேண்டும்.

8. விடுபடும் செலவுகள்

கட்டட அனுமதி முதலாவது. அறை சேர்க்கவோ சுவர் மாற்றவோ உங்கள் பிரதேச சபையில் அல்லது நகரசபையில் அனுமதி வேண்டும். வரைபடம் கீறுபவரின் கட்டணமும் சபைக் கட்டணமும் எழுதுங்கள்.

தண்ணீர். சாந்து குழைக்க மட்டுமல்ல, கொங்கிறீட்டையும் பூச்சையும் குறைந்தது ஏழு நாள் நனைக்கவும் தண்ணீர் வேண்டும். ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றும் இடங்களில் பவுசரில் வாங்கவேண்டி வரும். காசை மிச்சம்பிடிக்க நனைக்காமல் விட்ட பூச்சு வெடிக்கும். கிணற்று நீர் உவர் என்றால் கம்பி போடும் வேலைக்கு அதைப் பாவிக்கவேண்டாம்.

கறையான் மருந்து. தரைக் கொங்கிறீட் போடுமுன் மண்ணுக்கு அடிப்பது மலிவு. போட்டபின் துளைத்து அடிப்பது பல மடங்கு.

குடும்பம் தங்க ஒரு கொட்டில், தற்காலிக அடுப்படி, சீமெந்து வைக்கப் பூட்டும் இடம், தறப்பாள், இடிபாட்டை அகற்றும் உழவு இயந்திரம். நல்ல இடிபாட்டைத் தரை நிரப்பப் பாவிக்கலாம். பூச்சுத் துண்டும் கல்லும் சரி, மரத்துண்டு கூடாது, அது கறையானை அழைக்கும்.

புதுக் குளியலறை என்றால் பழைய மலக்குழி தாங்குமா என்று பாருங்கள். புதுக் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கவேண்டும், அயலவர் கிணற்றையும் சேர்த்து. 1,000 லீற்றர்த் தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் ஒரு தொன். அதைப் பழைய சுவரில் ஏற்றாமல் தனித் தூணுக்குக் காசு ஒதுக்குங்கள்.

9. எதிர்பாராததற்கு ஒதுக்குவது

எல்லாவற்றுக்கும் சேர்த்து 10 வீதம் என்று கடைசியில் போடுவது வழக்கம். அதைவிடத் தலைப்புத் தலைப்பாகப் போடுவது நல்லது. புதிதாகக் கட்டும் பகுதிக்கு 10 வீதம். திறந்து பார்த்த பழைய பகுதிக்கு 15. திறக்க முடியாமல் போன பகுதிக்கு 25. விலையேற்றம் இதற்குள் வராது. வேலை ஆறு மாதத்துக்கு மேல் இழுபடும் என்றால் அதற்குத் தனியாக ஒதுக்குங்கள்.

இந்தப் பணத்தை வீட்டாரின் புது விருப்பங்களுக்கு எடுக்கவேண்டாம். இன்னொரு யன்னல் வேண்டுமென்றால் அது மூன்றாம் பக்கத்தில் எழுதப்பட்டு அதற்கான காசோடு வரவேண்டும்.

10. வேலை வரிசையும் காசு வரிசையும்

வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் இறங்கும், மார்கழி தாண்டியும் நிற்கும். கூரை திறக்கும் வேலை சித்திரையில் தொடங்கி ஆவணிக்குள் மூடப்படவேண்டும். அதைப் பின்னோக்கி எண்ணினால் அனுமதி, அளவு, விலை எல்லாம் தை, மாசியிலேயே முடிந்திருக்கவேண்டும்.

வரிசை இதுதான்: உடைப்பு, அத்திவாரம், சுவரும் பீமும், கூரை, கதவு யன்னல் நிலை, வயர்க்குழாயும் தண்ணீர்க்குழாயும், பூச்சு, தரை, கதவு, பெயின்ற். கூரை மூடுமுன் பூசினால் மழை கழுவும். குழாய் புதைக்குமுன் பூசினால் திரும்ப வெட்டவேண்டும். பூச்சு முடியுமுன் ரைல் பதித்தால் சாந்து விழுந்து முகம் கெடும். பெயின்ற் கடைசி, புதுப் பூச்சு ஒரு மாதமாவது காயவேண்டும், இல்லாவிட்டால் உரியும். பெயின்ற் இரண்டு தரம் அடிக்க ஒரு லீற்றருக்கு 50 முதல் 60 சதுர அடி என்று எடுங்கள், அடிப்பூச்சுத் தனி.

மதிப்பீட்டையும் இதே கட்டங்களாக உடைத்து எழுதுங்கள். வங்கியும் கடனைக் கட்டம் கட்டமாகத்தான் விடும், உத்தியோகத்தர் வந்து பார்த்தபின். அடுத்த கட்டத்துக்குள் இறங்குமுன் முடிந்த கட்டத்தின் உண்மைச் செலவை மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் எழுதி, மிச்சக் கட்டங்களை அன்றைய விலையில் திரும்பக் கூட்டுங்கள். கூரை முடியும்போதே காசு போதாது என்று தெரிந்தால் மூன்றாம் பக்கத்தை வெட்ட நேரமிருக்கும். ரைல் வந்து இறங்கியபின் தெரிந்தால் இராது.

கொந்தராத்துக்காரருக்குக் கொடுப்பதும் கட்டம் முடிந்தபின்தான், முன்பணம் பொருள் எடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும். கடைசியில் 5 முதல் 10 வீதத்தைப் பிடித்துவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். விடுவிக்கும் நாளைத் திகதியாக எழுதாமல், முதல் மாரி பெய்து கூரை ஒழுகாமல் நின்ற பிறகு என்று எழுதுங்கள்.